துப்பாக்கிக் கட்டுப்பாடு: ஆளைச் சோதிப்பதா, ஆயுதத்தை எண்ணுவதா, விலை கொடுத்து வாங்கிவிடுவதா?

துப்பாக்கிச் சட்டத்தை இறுக்க நினைக்கும் எந்த அரசின் முன்னாலும் ஏறக்குறைய இந்த ஐந்து வழிகள்தான் வந்து நிற்கும். துப்பாக்கி வைத்திருப்பவர் உரிமம் பெற வேண்டும் என்பது ஒன்று. ஒவ்வொரு துப்பாக்கியையும் பதிவேட்டில் ஏற்றுவது இன்னொன்று. கடையில் வாங்க வருபவரின் பின்னணியைச் சோதிப்பது மூன்றாவது. சில வகைகளைத் தடைசெய்து, மக்கள் கையில் இருப்பதை அரசே விலை கொடுத்து வாங்கிக்கொள்வது நான்காவது. தோட்டாவையும் உதிரிபாகத்தையும் கட்டுப்படுத்துவது ஐந்தாவது. மேடையில் பேசும்போது ஐந்துக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. நடைமுறைக்கு வந்ததும் ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில் உடைகிறது. பெரும்பாலும் அது உடையும் இடம் நாடாளுமன்றம் இல்லை. மனுவைப் பிரித்துப் பார்க்கும் எழுத்தரின் மேசை.

பணமும் ஆட்களும் எல்லாவற்றுக்கும் போதாது. எதை முதலில் எடுப்பது என்பதுதான் இங்கே ஒப்பிட வேண்டிய விஷயம்.

முதலில் ஊற்றுக்கண்

குற்றத்தில் சிக்கும் துப்பாக்கி அந்த நாட்டில் எங்கிருந்து வருகிறது? இதைக் கேட்காமல் எழுதிய சட்டம் உரிமம் வைத்திருக்கும் விவசாயியை அலைக்கழிக்குமே தவிர வேறெதையும் சாதிக்காது.

இந்தியாவை எடுத்துக்கொள்வோம். ஜெனீவாவில் இயங்கும் ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே அமைப்பின் 2017 மதிப்பீட்டின்படி இங்கே பொதுமக்களிடம் சுமார் 7.11 கோடி துப்பாக்கிகள் இருக்கின்றன. அதில் பதிவில் உள்ளவை 97 லட்சம். அதாவது ஏழில் ஒன்றுதான் அரசின் கண்ணுக்குத் தெரிகிறது. 2019-இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தியபோது, ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்றிருந்ததை இரண்டாகக் குறைத்தார்கள். அந்தப் பிரிவு தொட்டது அந்த ஏழில் ஒன்றை மட்டுமே. கள்ளத் தயாரிப்புக்கான தண்டனையையும் அதே திருத்தம் ஆயுள் சிறைவரை உயர்த்தியது உண்மைதான். ஆனால் பீகாரின் முங்கேர் பக்கம் குடிசைப் பட்டறையில் லேத்தும் அரமும் வைத்துச் செய்யும் கட்டா என்ற கள்ளத் துப்பாக்கியைப் பிடிப்பது ரோந்துக்கும் உளவுக்கும் உரிய வேலை. உரிமப் பிரிவு அதைச் செய்ய முடியாது.

கனடாவின் தலைவலி எல்லை. 2020 ஏப்ரலில் நோவா ஸ்கோஷியாவில் 22 பேரைக் கொன்றவனிடம் துப்பாக்கி உரிமமே கிடையாது. அவன் வைத்திருந்தவற்றில் பெரும்பாலானவை அமெரிக்காவிலிருந்து கடத்தி வந்தவை. இரண்டு வாரத்துக்குள் அரசு சுமார் 1,500 மாடல்களைத் தடைசெய்தது. உரிமம் உள்ளவர்கள் கடையில் வாங்கியவைதான் அந்தப் பட்டியலில் இருந்தன. தடை தேவையா இல்லையா என்பது வேறு வாதம். நடந்த குற்றத்துக்கும் எடுத்த நடவடிக்கைக்கும் நேர்த்தொடர்பு குறைவு என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.

அமெரிக்காவில் நிலைமை நேர் எதிர். அங்கே குற்றத்தில் பிடிபடும் துப்பாக்கி ஏறக்குறைய எல்லாமே ஒரு காலத்தில் உரிமம் பெற்ற டீலர் கடையில் முறையாக விற்கப்பட்டவை. பிறகுதான் கைமாறிக் கைமாறிக் கள்ளச் சந்தைக்குப் போகின்றன. ஆகவே அங்கே அடைக்க வேண்டிய ஓட்டை கைமாற்றம்.

விலை கொடுத்து வாங்குவது

எல்லோரும் சுட்டிக்காட்டுவது ஆஸ்திரேலியாவை. 1996 ஏப்ரல் 28 அன்று டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 12 நாளில், மே 10 அன்று, பிரதமர் ஜான் ஹோவர்டின் அரசு எல்லா மாநிலங்களையும் ஒரே உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. துப்பாக்கிச் சட்டம் அங்கே மாநிலங்களின் அதிகாரம். மத்திய அரசின் கையில் இருந்தது இறக்குமதியும் பணமும். அந்நாட்டு அரசியலமைப்பின்படி தனியார் சொத்தை மத்திய அரசு எடுத்துக்கொண்டால் நியாயமான ஈடு தர வேண்டும். அந்தப் பணத்துக்காக, பொது மருத்துவத்துக்கென வாங்கும் மெடிகேர் வரியை ஓராண்டுக்கு மட்டும் 1.5 சதவீதத்திலிருந்து 1.7 சதவீதமாக ஏற்றினார்கள். 1997 செப்டம்பர்வரை சுமார் 6.5 லட்சம் துப்பாக்கிகள் வந்து சேர்ந்தன. ஈடாக 30 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் போயிற்று.

பலன் என்ன? துப்பாக்கித் தற்கொலைகள் இறங்கின. கொலை எண்ணிக்கை அதற்கு முன்பே இறங்கிக்கொண்டிருந்ததால், அதில் சட்டத்தின் பங்கு எவ்வளவு என்று ஆய்வாளர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். ஐந்து பேரோ அதற்கு மேலோ கொல்லப்பட்ட துப்பாக்கிச் சூடுகள் 1979 முதல் 1996 வரை 13 நடந்தன. அடுத்த 20 ஆண்டுகளில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

இதைச் சொல்பவர்கள் வழக்கமாக விட்டுவிடும் விஷயம் ஒன்று உண்டு. அந்த உடன்பாட்டில் விலைக்கு வாங்குவது ஓர் அங்கம் மட்டுமே. உரிமம் கேட்பவர் உண்மையான காரணம் காட்ட வேண்டும், தற்காப்பு காரணமாகாது, ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனி அனுமதி, அதற்கு 28 நாள் காத்திருப்பு, பூட்டிய பெட்டகத்தில் வைக்க வேண்டும், எல்லாம் பதிவாக வேண்டும். வாங்கி நொறுக்கியதோடு நிறுத்தியிருந்தால் காலியான இடம் மறுபடி நிரம்பியிருக்கும்.

நியூசிலாந்து அந்தப் பாடத்தில் பாதியைத்தான் கையில் வைத்திருந்தது. 2019 மார்ச் 15 கிறைஸ்ட்சர்ச் மசூதித் தாக்குதலில் 51 பேர் இறந்தார்கள். ஏப்ரல் 10-இல் 119-க்கு 1 என்ற வாக்கில் தடை நிறைவேறியது. ஜூலை முதல் டிசம்பர் 20 வரை துப்பாக்கிகளை வாங்கினார்கள். மாடலுக்கு ஓர் அடிப்படை விலை. புதிதுபோல இருந்தால் அதில் 95 சதவீதம், பழகியது என்றால் 70, மோசம் என்றால் 25. உரிமையாளர் முன்கூட்டியே ஆன்லைனில் தெரிவித்துவிட்டு, தோட்டா கழற்றிய துப்பாக்கியுடன் முகாமுக்கு வருவார். காவலர் துப்பாக்கியின் தோட்டா அறையைத் திறந்து காலியாக இருக்கிறதா என்று பார்ப்பார். மாடலைப் பட்டியலோடு ஒப்பிட்டு, தரம் குறித்து, விலையை உரிமையாளர் ஒப்புக்கொண்டதும் துப்பாக்கி ஹைட்ராலிக் அழுத்தியில் நசுங்கும். பணம் வங்கிக் கணக்குக்கு. ஆயிரக்கணக்கானோர் வந்தும் முகாம்கள் ஒழுங்காக நடந்தன. அதை மெச்சத்தான் வேண்டும். மொத்தம் 56,000-க்கு மேற்பட்ட துப்பாக்கிகள், சுமார் 1,88,000 உதிரிபாகங்கள், 10 கோடி நியூசிலாந்து டாலருக்கு மேல் ஈடு.

சிக்கல் அதற்குப் பிறகு வந்த கேள்வியில் இருந்தது: எத்தனையில் 56,000? நியூசிலாந்து 1983 சட்டத்தோடு ரைஃபிள், ஷாட்கன் போன்ற நீள் துப்பாக்கிகளின் பதிவைக் கைவிட்டிருந்தது. தடைக்குள் வரும் துப்பாக்கிகள் 55,000-லிருந்து 2,40,000 வரை இருக்கலாம் என்பதுதான் கையில் இருந்த மதிப்பீடு. ஏறக்குறைய எல்லாமே வந்துவிட்டதா, கால்வாசிதான் வந்ததா என்று சொல்ல வழியில்லை. திட்டம் எவ்வளவு பயனளித்தது என்று அறுதியிட முடியாது என 2020-இல் அந்நாட்டுத் தலைமைத் தணிக்கையாளரும் எழுதிவிட்டார். நிர்வாகச் செலவு 1.8 கோடி டாலர் என்று போட்ட கணக்கு 3.5 கோடியை நோக்கிப் போனது. போதாக்குறைக்கு, டிசம்பரில் ஒரு மென்பொருள் மாற்றத்தின்போது, மற்ற உரிமையாளர்களின் விவரங்கள் ஒரு டீலரின் திரையில் தெரிந்துவிட்டன. யார் வீட்டில் என்ன துப்பாக்கி என்ற பட்டியல் திருடனுக்குப் பொக்கிஷம். அப்படிப்பட்ட தளத்தை அவசரத்தில் கட்டக்கூடாது.

கனடா செய்தது தலைகீழ். தடை 2020 மே 1-இல். ஈடு கொடுக்கும் திட்டம் தனிநபர்களை எட்டவே ஐந்தாண்டுக்கு மேலாயிற்று. அதுவரை பொதுமன்னிப்புக் கெடுவை 2022, 2023, 2025 என்று நீட்டிக்கொண்டே போனார்கள். தடைசெய்த துப்பாக்கி சட்டப்படி சொந்தக்காரரின் பெட்டகத்திலேயே கிடந்தது. யார் போய் வாங்கிவருவது என்பதும் தகராறு. தபால் துறை எடுத்துச்செல்ல மறுத்தது; ஆல்பர்ட்டா, சஸ்காட்செவன் மாகாணங்கள் ஒத்துழைக்க மாட்டோம் என்றன. 2025 இலையுதிர் காலத்தில் கேப் பிரெட்டனில் முன்னோட்டம் நடத்தினார்கள். 200 வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் வந்தது 25. தடை அறிவிப்புக்கும் பணம் கையில் சேர்வதற்கும் இடைவெளி ஆறு மாதத்தைத் தாண்டினால் அதை நடைபெறும் திட்டமாகவே எண்ணக்கூடாது.

எதைத் தடைசெய்வது என்பதை எழுதும் விதத்திலும் வெற்றி தோல்வி இருக்கிறது. மாடல் பெயரால் பட்டியலிட்டால் மறுநாளே புதுப் பெயரில் அதே துப்பாக்கி வரும். தோற்றத்தால் வரையறுத்தால் இன்னும் மோசம்: அமெரிக்காவின் 1994 தடை, கழற்றும் மேகசினோடு (தோட்டாக் கூடு) பயனெட் மாட்டும் கொக்கி, தீப்பொறி மறைப்பான் போன்ற அம்சங்களில் இரண்டு இருந்தால் தடை என்றது. கொக்கியை அறுத்துவிட்டு அதே ரைஃபிளைக் கடையில் வைத்தார்கள். சட்டம் 2004-இல் காலாவதியானது. வேலை செய்யும் முறையால் வரையறுப்பதே நிற்கும். நியூசிலாந்து அப்படித்தான் எழுதியது: ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் அரைத் தானியங்கி எல்லாம் தடை, 10 தோட்டாவுக்கு மேற்படாத .22 ரிம்ஃபயர் என்ற சிறு ரக ரைஃபிளும், கழற்ற முடியாத குழாய் மேகசினில் 5 தோட்டாவரை கொள்ளும் ஷாட்கன்னும் விலக்கு. முயல் அடிக்கும் விவசாயிக்கு இது போதும்.

பணமே இல்லாத அரசுக்கு மலிவான வடிவம் ஒன்று உண்டு: கெடு வைத்து, வழக்குப் போடாமல் ஒப்படைக்கச் சொல்வது. கல்வராயன், ஜவ்வாது மலைப் பகுதிகளில் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகளைக் காவல் துறை ஊர்ப் பெரியவர்கள் மூலம் இப்படித்தான் வாங்குகிறது. ஆனால் அது காட்டுப்பன்றிக்காக வைத்திருந்த ஒற்றைக் குழல் துப்பாக்கியைக் கொண்டுவரும். கூலிப்படைக்காரனின் பிஸ்டலைக் கொண்டுவராது.

பதிவேடு

பதிவேடு வேண்டாம் என்பவர்கள் கனடாவைக் காட்டுவார்கள். அதில் நியாயம் இருக்கிறது. 1995 சட்டத்தின்போது செலவு 11.9 கோடி டாலர், கட்டணமாக 11.7 கோடி வந்துவிடும், அரசுக்கு நிகரச் செலவு 20 லட்சம்தான் என்றார்கள். 2002-இல் தலைமைத் தணிக்கையாளர் ஷீலா ஃபிரேசரின் அறிக்கை வந்தபோது, 2004–05-க்குள் செலவு 100 கோடியைத் தாண்டும் என்று தெரிந்தது. 2012-இல் நீள் துப்பாக்கிப் பதிவேட்டை ஒழித்து, தரவையும் அழித்தார்கள். கியூபெக் தன் பங்குத் தரவையாவது தரச்சொல்லி உச்ச நீதிமன்றம்வரை போய் 2015-இல் 5-க்கு 4 என்று தோற்றது. பிறகு 2018-இல் புதிதாகத் தன் பதிவேட்டைத் தொடங்கியது.

ஏன் அப்படி வீங்கியது? எல்லோரும் ஒரே கெடுவுக்குள் வர வேண்டும் என்றார்கள்; அதனால் மனுக்கள் ஒரே நேரத்தில் குவிந்தன. விதிகள் முடிவாகும் முன்பே மென்பொருளைக் கட்டத் தொடங்கி, மாற்றத்துக்கு மேல் மாற்றம் செய்தார்கள். மூன்றாவது காரணம் துப்பாக்கியின் உடம்பிலேயே இருக்கிறது. தாத்தா காலத்து ஷாட்கன்னில் வரிசை எண்ணே இருக்காது. இருக்கும் எண்ணிலும் எது வரிசை எண், எது மாடல் எண், எது காப்புரிமை எண் என்று உரிமையாளருக்குத் தெரியாது. எண் இல்லாதவற்றுக்கு ஒட்டுவதற்கு ஸ்டிக்கர் அனுப்பினார்கள். எண்ணெய் பூசித் துடைக்கும் இரும்பில் ஸ்டிக்கர் எத்தனை நாள் தங்கும் என்று யோசித்தவர் யாரும் அந்த அறையில் இல்லை போலும்.

நியூசிலாந்து 2023 ஜூனில் தொடங்கிய புதிய பதிவேடு இந்தத் தவறைத் தவிர்த்திருக்கிறது. ஒரே நாளில் யாரும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. துப்பாக்கி வாங்கினால், விற்றால், வீடு மாறினால், உரிமம் புதுப்பித்தால் அப்போது தம்மிடம் உள்ள அனைத்தையும் பதிய வேண்டும். எதுவும் நிகழாவிட்டாலும் 2028 ஆகஸ்டுக்குள் பதிந்துவிட வேண்டும். வேலை ஐந்தாண்டுக்குப் பரவிவிடுகிறது; சில நூறு பேர் கொண்ட அலுவலகம் தாங்கும்.

பதிவேடே கூடாது என்றால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா. 1986 சட்டம் மத்தியப் பதிவேட்டைத் தடுக்கிறது. குற்ற இடத்தில் ஒரு பிஸ்டல் கிடைத்தால் மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்கில் உள்ள தேடல் மையம் தயாரிப்பாளரைக் கேட்கும். அவர் மொத்த வியாபாரியைச் சொல்வார். அவர் கடையைச் சொல்வார். கடைக்காரர் படிவத்தைப் புரட்டி முதலில் வாங்கியவர் பெயரைச் சொல்வார். மூடிப்போன கடைகளின் காகிதங்கள் பெட்டி பெட்டியாக மையத்துக்கு வந்து, படமாக ஏறும். ஆனால் பெயர் போட்டுத் தேடும் வசதி இருக்கக்கூடாது. இவ்வளவு சிரமப்பட்டும் கிடைப்பது முதல் வாங்குபவரின் பெயர்தான். அவர் எட்டு ஆண்டுக்கு முன்பே யாருக்கோ விற்றிருந்தால் தடம் அங்கேயே அறுந்தது.

கூட்டாட்சி நாடுகளில் இன்னொரு பொறி உண்டு. ஆஸ்திரேலிய மாநிலங்கள் பதிவை 1996-லேயே ஒப்புக்கொண்டன. ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனிப் பதிவேடு வைத்துக்கொண்டது. 2022 டிசம்பரில் குயின்ஸ்லாந்தின் வியம்பில்லாவில் இரண்டு காவலர்கள் கொல்லப்பட்ட பிறகு, 2023 டிசம்பரில்தான் நாடு முழுவதற்கும் ஒரே பதிவேடு என்று முடிவாயிற்று. நம்மிடமும் அதே கதை. ஒவ்வொரு உரிமத்துக்கும் தனித்துவ அடையாள எண் தரும் தேசியத் தரவுத்தளம் வருவதற்கு முன், உரிமம் மாவட்ட அலுவலகப் பேரேட்டில் மட்டும் இருந்தது. ஜம்மு காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை 2.78 லட்சத்துக்கு மேற்பட்ட உரிமங்கள் தகுதியில்லாதவர்களுக்கு வழங்கப்பட்டதாக சிபிஐ வழக்குப் போட்டது. அப்படி ஒரு மோசடி இத்தனை பெரிதாக வளர்ந்ததற்கு, வெளி மாநிலத்தில் உரிமத்தைக் காட்டினால் சரிபார்க்க இடமில்லாததும் காரணம்.

உரிமம்

ஐந்தில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் இதை எடுக்கலாம். துப்பாக்கிகள் கோடிக்கணக்கில் இருந்தாலும் ஆட்கள் அதைவிடக் குறைவு. ஆளைத் தெரிந்தால் அவர் கையில் இருப்பதைப் பின்னால் தெரிந்துகொள்ளலாம். ஆனால் உரிமம் என்ற அட்டையைக் கொடுப்பதால் ஒன்றும் ஆகாது. கொடுப்பதற்கு முன் நடக்கும் விசாரணையும், கொடுத்த பின் தொடரும் கண்காணிப்பும்தான் உரிமம்.

விசாரணை எப்படி ஓட்டையாகிறது என்பதற்குக் கிறைஸ்ட்சர்ச்சைவிடச் சரியான உதாரணம் கிடைக்காது. கொலையாளி முறையான உரிமம் பெற்றவன். விண்ணப்பதாரரை நன்கறிந்த இருவர் சாட்சி சொல்ல வேண்டும், அதில் நெருங்கிய உறவினர் இருக்க வேண்டும் என்பதே நோக்கம். அவனுக்குச் சாட்சி சொன்னவர்கள் இணைய விளையாட்டில் பழகிய ஒரு நண்பரும் அந்த நண்பரின் பெற்றோர் ஒருவரும். அவனோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து அறிந்தவர் எவரையும் யாரும் கேட்கவில்லை. உரிய தரத்தில் விசாரணை நடக்கவில்லை என்று 2020-இல் அரச விசாரணைக் குழு எழுதியது.

கனடாவின் படிவம் இந்த இடத்தில் கெட்டி. பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, இரண்டு சாட்சிகள், அண்மைக்காலத்தில் உடன் வாழ்ந்த துணைவருக்கு அறிவிப்பு, முதல் உரிமத்துக்கு 28 நாள் காத்திருப்பு. முன்னாள் மனைவிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போவதால் கிடைக்கும் தகவல் எந்தக் கணினியிலும் கிடைக்காது. அதோடு, உரிமம் உள்ள ஒவ்வொருவர் பெயரும் நாள்தோறும் காவல் தரவுத்தளத்தோடு ஒத்துப்பார்க்கப்படுகிறது. நேற்று இரவு அடிதடியில் பெயர் வந்தால் இன்று உரிம அலுவலருக்குத் தெரியும்.

தெரிந்த பிறகும் தவறலாம். இங்கிலாந்தின் பிளிமத்தில் 2021 ஆகஸ்டில் ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றவனின் ஷாட்கன்னையும் சான்றையும், அவன் ஒரு தாக்குதலில் சிக்கியதால், 2020 டிசம்பரில் காவல் துறை பறிமுதல் செய்திருந்தது. 2021 ஜூலையில் திருப்பிக் கொடுத்தது. அடுத்த மாதம் கொலை. சட்டத்தில் ஓட்டை இல்லை. பறிக்க அதிகாரம் இருந்தது, பறித்தும் இருந்தார்கள். முடிவெடுத்த பிரிவில் பயிற்சியும் மேற்பார்வையும் இல்லை. உரிமக் கட்டணம் உண்மையான செலவை ஈடுகட்டாத நாடுகளில் அந்தப் பிரிவு எப்போதும் ஆள் பற்றாக்குறையோடுதான் ஓடும்; பிரிட்டன் 2025-இல்தான் கட்டணத்தை முழுச் செலவுக்கு ஏற்றியது.

கடுமையின் உச்சம் ஜப்பான்: வகுப்பு, எழுத்துத் தேர்வு, சுடுதளத் தேர்வு, மருத்துவச் சான்று, மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல், ஆண்டுதோறும் துப்பாக்கியைக் காவல் நிலையத்துக்கு எடுத்துவந்து காட்டுதல், சுட்ட தோட்டாவுக்குக் கணக்கு. துப்பாக்கி குறைவாக இருக்கும் நாட்டில்தான் ஆண்டுச் சோதனை நடத்த முடியும். 2022-இல் முன்னாள் பிரதமர் ஷின்ஸோ அபேயைக் கொன்றது வீட்டில் குழாய் வைத்துச் செய்த துப்பாக்கி என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நடைமுறைக் குறிப்பு ஒன்று. எல்லோரையும் ஒரே ஆண்டில் உரிமம் வாங்க வைத்தால், ஐந்தாண்டு கழித்துப் புதுப்பித்தலும் ஒரே ஆண்டில் வந்து மோதும். அந்த ஆண்டு விசாரணை வெறும் முத்திரை குத்துவதாகிவிடும். முதல் சுற்றில் பிறந்த மாதத்தைக் கொண்டோ எழுத்து வரிசைப்படியோ 3, 4, 5 ஆண்டு என்று காலத்தைப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும்.

கடை மேசையில் சோதனை

அரசியல் ரீதியாக எளிது, செலவு குறைவு, வேகம் அதிகம். அமெரிக்காவில் 1998 நவம்பர் முதல் நடப்பது இதுதான். வாங்குபவர் 4473 எண் படிவத்தை நிரப்புவார். டீலர் எஃப்பிஐ தரவுத்தளத்தைக் கேட்பார். பெரும்பாலோருக்குச் சில நிமிடத்தில் பதில். இதன் பலம் அந்தத் தரவுத்தளத்தின் பலம்தான், வேறெதுவும் இல்லை. 2017-இல் டெக்சஸின் சதர்லாந்து ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில் 26 பேரைக் கொன்றவன் விமானப்படையில் இருந்தபோது குடும்ப வன்முறைக்காகத் தண்டனை பெற்றவன். விமானப்படை அதை எஃப்பிஐக்கு அனுப்பவில்லை. கடையில் அவனுக்குப் பச்சை விளக்கு.

இன்னொரு ஓட்டை காலக்கெடு. மூன்று வேலை நாளில் பதில் வராவிட்டால் டீலர் விற்றுவிடலாம். 2015-இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவனின் கைது விவரத்தைத் தேடிய அலுவலர் சரியான காவல் நிலையத்தை எட்டுவதற்குள் அந்த மூன்று நாள் போய்விட்டது. நம் ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவிலும் இதன் தங்கை இருக்கிறாள்: காவல் நிலைய அறிக்கை உரிய காலத்தில் வராவிட்டால், அதற்காக மேலும் காத்திராமல் உரிமம் வழங்கும் அதிகாரி உத்தரவிடலாம். லஞ்சத்துக்காக அறிக்கையை இழுத்தடிப்பதைத் தடுக்க அது நல்ல பிரிவு. ஆபத்தானவர் விஷயத்தில் அதுவே கதவு. தாமதத்தின் விளைவு மறுப்பாக இருக்க வேண்டும். மறுத்ததற்கு விரைவான மேல்முறையீடு இருக்க வேண்டும்.

தனியாருக்குள் நடக்கும் விற்பனைக்கு இந்தச் சோதனையை அமெரிக்க மத்தியச் சட்டம் கேட்பதில்லை. சுத்தமான பின்னணி உள்ளவரை அனுப்பி வாங்கிவரச் சொல்லும் பினாமி வாங்குதல் 2022-இல்தான் தனிக் குற்றமானது. பதிவேடு இல்லாத நாட்டில் பினாமியைப் பிடிப்பது குதிரைக்கொம்பு.

தோட்டாவும் உதிரியும்

துப்பாக்கி நூறாண்டு உழைக்கும், தோட்டா தீர்ந்துபோகும். ஆகவே தோட்டாவைப் பிடி என்பது கேட்க நன்றாக இருக்கும். பிரேசில் 2003 சட்டத்தில் பாதுகாப்புப் படைகளுக்கு விற்கும் தோட்டாவில் தொகுதி எண் பொறிக்கச் சொன்னது. தொகுதிக்கு 10,000 தோட்டா என்பது விதி. 2018 மார்ச்சில் ரியோ நகர மன்ற உறுப்பினர் மரியெல் ஃபிராங்கோ கொல்லப்பட்ட இடத்தில் கிடந்த தோட்டா உறைகளில் யுஇசட்இசட்18 என்ற எண் இருந்தது. 2006-இல் மத்தியக் காவல் துறைக்குப் போன தொகுதி அது. ஆனால் அந்த ஒரே எண்ணில் 18 லட்சத்துக்கு மேல் தோட்டாக்கள். எங்கிருந்து கசிந்தது என்று எண்ணை வைத்துச் சொல்ல முடியவில்லை.

உதிரிபாகத்தில் கவனிக்க வேண்டியவை இரண்டு. மேகசினுக்கு உரிமம் தேவையில்லை என்றால், கிறைஸ்ட்சர்ச்சில் நடந்ததுபோல, அனுமதியுள்ள ரைஃபிளில் அதிகக் கொள்ளளவு மேகசினை மாட்டிவிடலாம். இன்னொன்று, அமெரிக்கச் சட்டப்படி துப்பாக்கி என்பது வரிசை எண் பொறித்த ரிசீவர், அதாவது மற்ற பாகங்களைத் தாங்கும் நடுக்கூடு, மட்டுமே; குழலும் கட்டையும் வெறும் இரும்பும் மரமும். 80 சதவீதம் முடித்த ரிசீவரை எண் இல்லாமல் விற்று, மீதியை வீட்டில் துளையிட்டுக்கொள்ளச் சொன்ன வியாபாரம் அதில் முளைத்தது. 2022 விதி அதை அடைத்தது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ஏற்றது.

எந்த வரிசையில்

சட்டப்படி வாங்கிய துப்பாக்கியால் குற்றம் நடக்கும் நாட்டில் முதலில் உரிமமும் தினசரித் தரவு ஒப்பீடும். அடுத்து, கைமாறும்போது பதியும் பதிவேடு. தடையும் விலைக்கு வாங்குவதும் அதன் பிறகு. எண்ணிக்கை தெரிந்தபின் வாங்கினால், வராத துப்பாக்கிக்கு யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரியும். பெருந்துயரம் நடந்த வாரத்தில் அரசியலுக்கு வசதியானது இதன் தலைகீழ் வரிசை. ஹோவர்ட் போல எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிக்க முடியுமானால் அந்த வாரத்தைப் பயன்படுத்தலாம். முடியாவிட்டால் விற்பனையையும் இறக்குமதியையும் மட்டும் அன்றே நிறுத்திவிட்டு மீதியை நிதானமாகச் செய்வது மேல். கடத்தலும் கள்ளத் தயாரிப்பும் மிகுந்த நாட்டில் இந்த ஐந்துக்கும் முன்னால் எல்லைக்கும் பட்டறைக்கும் போக வேண்டும். அங்கே உரிமத்தை மேலும் இறுக்குவது கணக்குக் காட்டுவதற்குத்தான் உதவும்.

எந்த வழியை எடுத்தாலும் மசோதாவில் தேட வேண்டிய இரண்டு பிரிவுகள் பெரும்பாலும் இருப்பதில்லை. ஒன்று, உரிமம் ரத்தானவரிடமிருந்து துப்பாக்கியை யார், எத்தனை நாளில் போய் எடுப்பது. கலிஃபோர்னியாவில் பதிவேடும் தடைப் பட்டியலும் இரண்டும் இருக்கின்றன. துப்பாக்கி வைத்திருக்கும் தகுதி இழந்தும் ஒப்படைக்காதவர்கள் பெயர் 20,000-க்கு மேல் தேங்கி நிற்கிறது. போய்த் தட்டுவதற்குப் போதுமான குழுக்கள் இல்லை. இரண்டாவது, உரிமம் வைத்திருந்தவர் இறந்துவிட்டால். பீரோவில் இருக்கும் ரைஃபிளை என்ன செய்வது என்று விதவைக்குத் தெரியாது. காவல் நிலையத்தில் போய்ச் சொன்னால் வழக்கு வருமோ என்ற பயம் வேறு. இறப்புப் பதிவேட்டை உரிமத் தரவோடு இணைத்து, 30 நாளில் ஒரு கடிதமும், 90 நாள்வரை வழக்கில்லாத ஒப்படைப்பும், எடுத்துவர ஒரு காவலரும் என்று மசோதாவிலேயே எழுதிவிட்டால் இதற்குத் தனித் திட்டமோ தனி நிதியோ தேவைப்படாது.